அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு: பெரிய நகரமா, சின்ன ஊரா?

ஒரு தந்தை கேட்டிருந்த கேள்வி: "மகளுக்கு மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று சிகாகோ. இன்னொன்று சுமார் 60,000 பேர் வாழும் ஒரு கல்லூரி ஊர். சிகாகோவில் தினமும் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்கிறார்கள். சின்ன ஊர்தான் பாதுகாப்பு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அது சரிதானா?"

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. நான் இங்கே வந்த வருடம் என் அம்மாவும் இதையேதான் கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் பல ஆண்டுகள் பொதுச் சுகாதாரத்தில், இறப்புப் பதிவுகளைப் பார்க்கும் வேலையிலேயே இருந்துவிட்டதால், இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்ணை அனுப்பப்போகிற வீட்டுக்கு ஒரு வரிப் பதில் போதாது.

முதலில் எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். 2024-ல் சிகாகோவில் 573 கொலைகள். கேட்டாலே வயிற்றைக் கலக்கும் எண். ஆனால் அங்கே 27 லட்சம் பேர் வாழ்கிறார்கள். லட்சம் பேருக்கு என்று கணக்குப் போட்டால் 21 வருகிறது. அதே ஆண்டில் செயின்ட் லூயிஸில் 150 கொலைகள்தான். செய்தியில் சிகாகோவுக்கு அடிபடுகிற பெயர் அதற்கு அடிபடாது. ஆனால் அந்த நகர எல்லைக்குள் இருப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. லட்சத்துக்கு 50-ஐத் தாண்டிவிடுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன் இன்னும் சிறியது, ஒன்றரை லட்சம் பேர். 2021-ல் அங்கே கொலைகள் 150-ஐத் தாண்டின. லட்சத்துக்கு நூறு! அந்த ஊரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

மறுபக்கம் நியூயார்க். நாட்டிலேயே பெரிய நகரம், 80 லட்சத்துக்கு மேல் மக்கள். 2024-ல் 377 கொலைகள், லட்சத்துக்கு நாலரை. அமெரிக்கா முழுவதற்குமான விகிதமே அந்த ஆண்டு 5. அதாவது நாட்டின் மிகப் பெரிய நகரம் தேசிய சராசரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. அப்போது ஊர் பெரிதாகப் பெரிதாகக் கொலை விகிதமும் ஏறியது. 1990-ல் நியூயார்க்கில் 2,245 கொலைகள். 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸ் 1,092, சிகாகோ 940-ஐ ஒட்டி. "பெரிய ஊர் ஆபத்து" என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் காலத்துப் படம். அப்போது அது உண்மையாகவும் இருந்தது. பிறகு வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரிய நகரங்கள்தான் அதிகமாக இறங்கின. 2017-ல் நியூயார்க் 292-க்கு வந்துவிட்டது. இடைப்பட்ட நகரங்கள் பல அந்த அளவுக்கு இறங்கவில்லை. கொரோனாவுக்கு முன்பே, 10 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வந்த விகிதத்தைவிட, இரண்டரை லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை இருக்கும் நகரங்களின் விகிதம் அதிகமாகிவிட்டது. இந்த மாற்றம் நடந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், பேச்சில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இடைப்பட்ட நகரங்கள் ஏன் பின்தங்கின? இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். செயின்ட் லூயிஸில் 1950-ல் எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டெட்ராய்ட் 18 லட்சத்திலிருந்து 6 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்தது. சிகாகோவுக்குப் பக்கத்திலேயே இந்தியானாவில் கேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. எஃகு ஆலைக்காகவே கட்டின ஊர். 1960-ல் 1,78,000 பேர், 2020-ல் 70,000-கூட இல்லை. ஆலை ஆள் குறைத்ததும் வசதியுள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், புறநகருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் கிடைக்காமலும், வேறு இடத்தில் தங்களுக்கு வீடு விற்க யாரும் முன்வராமலும் கறுப்பின மக்கள் அங்கேயே அடைபட்டார்கள். வரி வருமானம் வற்றியது. பள்ளி, பூங்கா, தெருவிளக்கு, கொலை வழக்கைத் துப்பறிய ஆள், எல்லாமே தேய்ந்தன. கேரியில் 1993-ல் 110 கொலைகள். ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய ஊரில்.

நியூயார்க்குக்கு மீண்டுவர வங்கிகள் இருந்தன, உலகமெங்குமிருந்து குடியேறுகிறவர்கள் இருந்தார்கள், பிரம்மாண்டமான போலீஸ் படை இருந்தது. கேரிக்கு இவற்றில் எதுவும் இல்லை.

எல்லைக்கோட்டு விவகாரம் ஒன்றும் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரம் 1876-லேயே தன் கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) பிரிந்துவிட்டது. அதனால் அமைதியான புறநகர்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே, சிரமப்படும் நடுப்பகுதி மட்டும் உள்ளே. மொத்தப் பெருநகரப் பகுதியில் 28 லட்சம் பேர் இருந்தும், விகிதம் கணக்கிடும்போது பத்தில் ஒரு பங்கு மக்களால்தான் வகுக்கிறார்கள். அங்கே துயரம் இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் "அமெரிக்காவின் ஆபத்தான 10 நகரங்கள்" என்று வரும் பட்டியலை வைத்து உங்கள் மகளின் படிப்பை முடிவு செய்யாதீர்கள். இப்படி வரிசைப்படுத்த வேண்டாம் என்று எஃப்பிஐயே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. சின்ன ஊர்களில் சிக்கல் இன்னும் மோசம். 10,000 பேர் இருக்கும் ஊரில் ஒரு கொலை நடந்தால் அந்த ஆண்டு விகிதம் 10, நடக்காவிட்டால் பூஜ்யம். ஓர் ஆண்டு கணக்கு எதையும் காட்டாது. ஐந்து, பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

சரி, 2020-க்கு வருவோம். அந்த ஆண்டு அமெரிக்காவில் கொலைகள் முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடின. பதிவு இருக்கும் காலத்தில் ஒரே ஆண்டில் இவ்வளவு ஏறியதே இல்லை. கொலைகளில் முக்கால் பங்குக்கு மேல் துப்பாக்கியால் நடந்தவை. என்னை உலுக்கியது, அந்த ஏற்றம் எந்த அளவு ஊரையும் விட்டுவைக்காததுதான். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை உள்ளவற்றிலும் அதற்குக் குறையவில்லை. 25,000-க்கும் குறைவான ஊர்களில்கூடக் கால் பங்கு அளவுக்கு ஏற்றம். இந்தக் கட்சி ஆளும் ஊர், அந்தக் கட்சி ஆளும் ஊர் என்ற வித்தியாசமும் இல்லை. அதனால் ஏதோ ஒரு மேயர் தலையிலோ, ஒரு மாநிலச் சட்டத்தின் மேலோ பழியைப் போட்டால் கணக்கு நிற்காது.

பல காரணங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன என்பதுதான் என் எண்ணம். கொரோனாவால் பள்ளிகளும் விளையாட்டுக் கூடங்களும் மூடின, பையன்களுக்குப் போக இடம் இல்லை. உள்ளாட்சிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை இழந்தன. மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே உயிரை விட்டபின், போலீஸுக்கும் மக்களுக்கும் இடையே மிச்சமிருந்த நம்பிக்கையும் அறுந்தது. துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனைகள் 2019-ல் 2 கோடியே 84 லட்சம். 2020-ல் அது 4 கோடியைத் தொடப்போனது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வோரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பிறகு அதே மாதிரி எல்லா அளவு ஊர்களிலும் இறங்கவும் தொடங்கியது. 2023-ல் நாடு முழுவதும் கொலைகள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்தன, 2024-ல் மேலும் 15 சதவீதம் அளவுக்கு. ஃபிலடெல்ஃபியாவில் 2021-ல் 562 பேர் கொல்லப்பட்டார்கள், அந்நகர வரலாற்றிலேயே அதிகம். 2024-ல் 269. நியூ ஆர்லியன்ஸ் 2022-ல் 260-ஐத் தாண்டி, இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்தது. பால்டிமோர் 2015 முதல் 2022 வரை ஓர் ஆண்டுகூட 300-க்குக் கீழே இறங்கவில்லை. 2024-ல் 201, 2025-ல் 133. சிகாகோவில் 2025-ல் 416, அறுபது ஆண்டுகளில் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. இந்த எண்களைப் பார்த்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். குறைந்த ஒவ்வொரு எண்ணும் உயிரோடு வீடு திரும்பிய ஒருவர்.

இடையில் ஒரு விஷயம். 2021-க்கான எஃப்பிஐ தரவை யாராவது உங்களிடம் காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த ஆண்டு பதிவு முறையை மாற்றினார்கள். கிட்டத்தட்ட 40 சதவீதப் போலீஸ் துறைகள் முழு விவரம் தரவில்லை, நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் உட்பட.

இனி நகரத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். "சிகாகோ ஆபத்தானதா?" என்ற கேள்வி "சென்னையில் வெள்ளம் வருமா?" என்பது மாதிரி. எந்தத் தெரு என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். பாஸ்டன் நகரத்தில் சுமார் முப்பது ஆண்டுப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வில், துப்பாக்கித் தாக்குதல்களில் 74 சதவீதம் வெறும் 5 சதவீதத் தெருமுனைகளிலும் தெருத் துண்டுகளிலும் நடந்திருந்தது. சிகாகோவில் சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பாக்ரிஸ்டோஸ் குழு வேறு விதமாகப் பார்த்தது. யார் யாரோடு சேர்ந்து கைதானார்கள் என்று ஒரு வலைப்பின்னலை வரைந்தார்கள். குண்டடி பட்டு உயிர் பிழைத்தவர்களில் 70 சதவீதம் பேர், நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் இருக்கும் வலைக்குள் இருந்தார்கள். ஒருவன் சுடப்பட்டால் அவன் நண்பனுக்கும், நண்பனின் நண்பனுக்கும் ஆபத்து கூடுகிறது. தொற்று நோய் மாதிரி நகர்கிறது.

இதைப் படித்துவிட்டு "அப்போ நமக்குக் கவலை இல்லை, அது அவர்களுக்குள் நடப்பது" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, கொலையாகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஆண் பிள்ளைகள். அந்த 5 சதவீதத் தெருக்களிலும் பாட்டிமார் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள், அங்கே யாரும் விரும்பிப் போய்ப் பிறக்கவில்லை.

இப்படிக் குவிந்திருப்பதால்தான் தடுக்கவும் முடிகிறது. பாஸ்டன் 1996-ல் இதைத் தொடங்கியது. மோதலில் இருக்கும் குழுக்களைப் பாதிரியார்களும் போலீஸும் சமூக ஊழியர்களும் சேர்ந்து உட்காரவைத்து, "நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், வேலைக்கும் படிப்புக்கும் உதவுகிறோம், ஆனால் அடுத்து ஒரு துப்பாக்கி வெடித்தால் மொத்தக் குழுவையும் பிடிப்போம்" என்று நேரில் சொன்னார்கள். இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் 63 சதவீதம் குறைந்தன. பால்டிமோர் 2022-ல் தன் மேற்குப் பகுதியில் தொடங்கி விரித்தெடுத்ததும் இதே வகை முறைதான். ஒரு லட்சம் பேர் வாழும் ரிச்மண்ட், கலிஃபோர்னியாவில், 2007-ல் 47 கொலைகள். அந்த நகராட்சி, சுடுவதற்கு அல்லது சுடப்படுவதற்கு அதிக வாய்ப்புள்ள சில டஜன் இளைஞர்களைத் தேடிப் பிடித்து, வழிகாட்டி வைத்து, ஒழுங்காக இருந்தால் மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்தது. குற்றவாளிக்குப் பணமா என்று எவ்வளவோ எதிர்ப்பு வந்தது. 2014-ல் கொலைகள் 11. அந்த வேலை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சின்ன நகரத்தில் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லி அழைக்க முடியும் என்பது ஒரு பலம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. ஆளில்லாமல் குப்பை சேர்ந்து கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி சிலவற்றைத் தேர்ந்து, குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். ஏழ்மை மிகுந்த பகுதிகளில், சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புல்லும் வேலியும்தான்!

சுடப்பட்டவர் பிழைப்பதும் ஊரைப் பொறுத்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் போலீஸ் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பது வழக்கம். சிகாகோவிலோ, அதிகமாகக் குண்டடி படும் தெற்குப் பகுதியில் பெரியவர்களுக்கான முதல் நிலை ட்ராமா சென்டர் (படுகாயங்களுக்கான உயர்நிலை அவசர சிகிச்சை மையம்) கால் நூற்றாண்டுக்கு மேல் இல்லாமலே இருந்தது. அந்தப் பகுதி இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018-ல்தான் ஒன்று திறந்தது. கிராமப்புறத்தில் ஹெலிகாப்டர் வந்தால் உண்டு.

இப்போது உங்கள் சின்ன ஊருக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது.

2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 17,927 கொலைகள். 27,300 தற்கொலைகள். பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர் தன் கையாலேயே போனவர்கள். தொலைக்காட்சியில் இவர்கள் வருவதில்லை. 2011 முதல் 2020 வரையான கவுன்டிவாரி இறப்புப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு, மிகவும் கிராமப்புறமான கவுன்டிகளில் துப்பாக்கிக் கொலை விகிதம் பெருநகரக் கவுன்டிகளைவிட 46 சதவீதம் குறைவு, தற்கொலை விகிதம் 76 சதவீதம் அதிகம் என்று கண்டது. இரண்டையும் சேர்த்தால் கிராமப்புறத்தில்தான் சாவு விகிதம் அதிகம். பெருநகரத்தை விட்டு விலக விலகக் கொலை குறைகிறது, தற்கொலை கூடுகிறது.

காரணம் கண்ணுக்குத் தெரிந்ததுதான். கிராமப்புறப் பெரியவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் தங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்கிறார்கள், நகரத்தில் ஐந்தில் ஒருவர். மனநல மருத்துவர் நூறு மைல் தள்ளி இருப்பார். "என்னால் முடியவில்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆண்கள் கூச்சப்படுவார்கள். மனம் உடையும் அந்த நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான், கடந்துவிட்டால் கடந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் கடக்க விடாது. அதனால்தான் பெட்டியில் பூட்டி, தோட்டாவைத் தனியாக வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறோம். மரண அறிக்கைகளைப் பதிவு செய்யும் வேலையில் என்னை அதிகம் அசைத்தவை நகரத்துக் கொலைகள் அல்ல. அறுபது வயது விவசாயி, பத்தொன்பது வயது மாணவன் என்று வரும் இந்தத் தாள்கள்தான்.

பள்ளிக்கூடங்களிலும் பொது இடங்களிலும் நடக்கும் படுகொலைகளையும் கேட்பீர்கள். டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி 15,000 பேர் ஊர், 2022-ல் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும். லூயிஸ்டன், மெய்ன் மாநிலம், 37,000 பேர், 2023-ல் 18 பேர். டெக்சஸிலேயே சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சில நூறு பேர் வாழும் குக்கிராமம், 2017-ல் தேவாலயத்துக்குள் 26 பேர். ஊர் சிறியது என்பது இதில் எந்தக் காப்பும் தரவில்லை. ஆனால் மொத்தத் துப்பாக்கிச் சாவுகளில் இவை மிகமிகச் சிறிய பங்கு, அதை நினைத்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாச் சின்ன ஊரும் கொலை குறைந்த ஊர் என்றும் எண்ண வேண்டாம். மிசிசிப்பி ஆற்றங்கரைச் சமவெளியிலும் அலபாமாவின் பழைய பருத்தி நிலங்களிலும் சிகாகோவை மிஞ்சும் விகிதமுள்ள சிற்றூர்கள் உண்டு. ஏழ்மையும் நிறப்பிரிவினையும் எங்கே தேங்கியதோ அங்கே.

உங்கள் மகளுக்கு வருவோம். சிகாகோவுக்குப் போனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021-ல் மட்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மூவர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள் எந்தச் சண்டையிலும் இல்லாதவர்கள். அப்படி நடப்பது அபூர்வம், ஆனால் நடந்தது. சிகாகோவின் வசதியான லிங்கன் பார்க் பகுதியில் வாழ்கிறவருக்கும் வன்முறை மிகுந்த மேற்கு கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் வாழ்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாடுகளுக்கு உள்ளதைப் போல. வளாகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் இரவு நேர வண்டி வசதி உண்டா, வீடு எந்தத் தெருவில், அந்தத் தெருவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். சிகாகோ நகராட்சி ஒவ்வொரு சம்பவத்தையும் வரைபடத்தோடு இணையத்தில் போடுகிறது.

கல்லூரி ஊருக்குப் போனால் வேறு கேள்விகள். அறைத்தோழி வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறாரா, பூட்டி வைக்கிறாரா? கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள், இங்கே பெற்றோர் இதைக் கேட்பது இப்போது சாதாரணம். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பேச ஆள் இல்லாமல் பிள்ளைகள் ஒடுங்கிப்போவார்கள். பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று சேர்வதற்கு முன்பே விசாரியுங்கள். மனம் உடையும் நேரத்தில் பேச 988 என்ற உதவி எண்ணை அவள் கைப்பேசியில் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் எந்த ஊரிலிருந்தும், எந்த நேரத்திலும் அழைக்கலாம். வாரம் ஒருமுறை நீங்கள் கூப்பிடும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

எந்த ஊர் என்று முடிவானதும், பார்த்து வைத்திருக்கும் வீட்டின் தெருவையும் குறுக்குத் தெருவையும் மட்டும் எழுதுங்கள். பதிவுகளைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.